உப்புக்கண்டமா, பச்சைக்கறியா

ஜூன் 11, புதன்

எழுந்ததும் முதல் வேலை, உப்புக்கண்டச் சரம் ஏழையும் மொட்டை மாடிக்கு எடுத்துப்போய்க் கொடியில் கட்டியது. ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. காக்கைக்குப் பயந்து பழைய குடையை விரித்து வைத்தேன். இன்னும் ஒரு காய்ச்சல் போதும், பானையில் போட்டு மூடிவிடலாம்.

தபாலில் மகள் மலரின் கடிதம். அவளுக்கு ஐந்தாம் மாதம். ஞாயிறு காலை பத்து மணி பஸ்ஸில் அவள், மாப்பிள்ளை, சம்பந்தியம்மா, மூவரும் காஞ்சிபுரத்திலிருந்து வருகிறார்கள். வளைகாப்புக்கு நாள் பார்க்க. ஓரத்தில் பொடி எழுத்தில்: "அம்மா, எதைக் கண்டாலும் குமட்டல். உப்புக்கண்டம் மட்டும் வாய் கேட்கிறது. வறுத்து வை. பச்சைக்கறி வேண்டாம், அந்த வாடையே ஆகவில்லை."

அவரிடம் படித்துக் காட்டினேன். சம்பந்தியம்மாவுக்கும் அதுதான் உயிர், போன தடவை இலையில் வைத்தது போதாமல் பொட்டலம் கட்டி வாங்கிப் போனவள் என்று சிரித்தார். ஆனாலும் மாப்பிள்ளை இலையில் காய்ந்த கறியை மட்டும் வைத்தால் நன்றாகவா இருக்கும்? உத்திரமேரூர் பாய் கடையில் தொடைக்கறி சொல்லிவைப்பதா? இதுதான் இன்றைய பெரிய கவலை.

துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது. மெத்தையை வெயிலில் போட வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

புழுக்கம். தூரத்தில் இடி, மழை இல்லை.

கன்னியம்மா நாலு நாள் கழித்துத் தொழுவம் கூட்ட வந்தாள். வலது முன்கையில் துணி சுற்றியிருந்தாள். அவிழ்க்கச் சொன்னேன். ஒரு ரூபாய்க் காசு அளவு புண். நடுவில் கரித்துண்டு போல் கறுப்பு. சுற்றிலும் வீக்கம், பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம்.

"நோவே இல்லம்மா. நோவாத புண்ணுக்கு இன்னாத்துக்கு டாக்டரு? மஞ்சா அரச்சிப் போட்டுக்கினு கீறேன்."

எப்போது வந்தது என்று கேட்டேன். ஆடு அறுத்த மூன்றாம் நாள் என்றாள்.

எங்கள் ஆடு. பத்து நாளுக்கு முன் காலையில் மேய்ந்தது, மத்தியானம் பொத்தென்று விழுந்தது. மூச்சு நிற்பதற்குள் ஆட்டுக்கார ஏழுமலை ஓடிவந்து கழுத்தில் கத்தி வைத்தான். இங்கே வழக்கம் அப்படி. கத்தி பட்டு ரத்தம் வந்துவிட்டால் அது அறுத்த ஆடு, செத்த ஆடு இல்லை. எங்களுக்குப் பாதி. மீதியை அவர் கூறு போட்டு, எங்களிடம் வேலை செய்யும் ஐந்து வீட்டுக்கும் கொடுத்தார். குடல் கழுவியது கன்னியம்மா. எங்கள் பாதியை நான்தான் வாராக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, கோணி ஊசியில் நூல் போட்டுக் கோத்தேன்.

ரத்தம் உறையவில்லை அன்று. பொரியலுக்குச் சட்டியில் பிடித்தது, சாயங்காலம் வரை கறுப்பாக, தண்ணீராகவே கிடந்தது. சட்டியைச் சரியாகக் கழுவவில்லை என்று கன்னியம்மாவைத் திட்டி, கொட்டச் சொன்னேன். அதை ஏன் அன்றைக்கு யோசிக்கவில்லை?

டிரங்குப் பெட்டியிலிருந்து பி.எஸ்ஸி. புத்தகம். திறந்து இருபது வருஷம் இருக்கும். அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ். ஆடு விழுகிற வரை தெரியாது. ரத்தம் உறையாது. மனிதருக்குக் கறுத்த புண், வலி இராது. கிருமி கூடு கட்டிக்கொள்ளும். வெயிலும் உப்பும் அதை ஒன்றும் செய்யாது.

மாடிக்குப் போய்ச் சரங்களைக் குச்சியால் இறக்கிப் பானைக்குள் தள்ளினேன். ஸ்டோர் ரூமில் வைத்து, மேலே குழவிக்கல். முழங்கை வரை சோப்பு. மூன்று தடவை.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெற்றிலை மடித்தார்.

"சரோ, கத்தி பட்ட ஆடு அது. அஞ்சு வூட்லயும் துன்னாங்க, எவனுக்கு இன்னா ஆச்சி? நீ படிச்சதுல பாதி பயந்தான்."

கன்னியம்மா கையைச் சொன்னேன். மடித்த வெற்றிலையைத் தட்டில் வைத்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "கூறு போட்டுக் குடுத்தவன் நானு. வெளிய தெரிஞ்சா இன்னான்னு பேசுவானுங்க? சம்பந்தி காதுல வுழுந்தா?"

பேசும்போதே தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். நான் கவனிப்பது அவருக்குத் தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

வெளிச்சம் வந்ததும் ஜன்னலோரம் நின்று பத்து விரலையும் பார்த்தேன். வலது கட்டைவிரலில் ஒரு புள்ளி. ஊசி குத்தியதுதான். ஊசி குத்தியதாகத்தான் இருக்க வேண்டும்.

கறி சொல்லிவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு உத்திரமேரூர் பஸ் ஏறினேன். பாய் இரண்டு கிலோ தொடைக்கறி எடுத்துவைப்பதாகச் சொன்னார். "நம்ம கடைக்கு வர்ற ஆடு தன் கால்ல நடந்து வரணும்மா. தூக்கினு வந்தா வாங்கவே மாட்டேன்." எல்லோரிடமும் சொல்கிற பேச்சுதான். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அங்கிருந்து கால்நடை ஆஸ்பத்திரி. சின்ன வயது டாக்டர், கண்ணாடி. அப்படி விழுந்த ஆட்டில் கத்தியே வைக்கக் கூடாது, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்றார். காய்ந்த கறியை ஒருவரும் தொடக் கூடாது. புண் வந்தவருக்கு உடனே பென்சிலின், தள்ளிப்போட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். வறுத்தால் சரியாகாதா என்று கேட்டேன். வறுப்பதற்கு முன் கையால் எடுப்பீர்கள் அல்லவா என்றார்.

யார் ஆடு என்று கேட்டார்.

பக்கத்து ஊரில் யாரோ, கேள்விப்பட்டேன் என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று. பெயர் தெரிந்தால் மறுநாளே ஜீப்பில் வந்து கறியை எரித்து, மற்ற ஆடுகளுக்கு ஊசி போடுவேன், இல்லாவிட்டால் எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் பெருநகர் கிராமத்துக்காரி ஒருத்தி முறுக்கு நீட்டினாள். கை கழுவவில்லை என்று சொல்லி மறுத்தேன்.

திரும்பியதும் கன்னியம்மாவை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். சொன்னேன், அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை போகிறேன் என்றாள்.

ஜூன் 14, சனி

காற்று. முற்றமெல்லாம் வேப்பம்பழம்.

விரல்கள் சரி. புள்ளி மறைந்துவிட்டது.

இரண்டையும் செய்துவிடு என்று காலையில் அவர் தீர்ப்புச் சொன்னார். மாப்பிள்ளைக்குத் தொடைக்கறி, மலருக்கும் சம்பந்தியம்மாவுக்கும் உப்புக்கண்டம். எண்ணெயில் போட்டால் எந்தக் கிருமி நிற்கும்? நான் ஸ்டோர் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மலருக்கு மோர்சோறும் எலுமிச்சை ஊறுகாயும். அழட்டும்.

கன்னியம்மா வரவில்லை. மூன்று மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். படுத்திருந்தாள். நல்ல ஜுரம். வீக்கம் தோள் வரை ஏறிவிட்டது, வளையலைக் கழற்றி வைத்திருக்கிறாள். அடுப்புக்கு மேலே கயிற்றில் சரம் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுக் கூரையிலும் ஒன்று.

நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னாள்: "நாங்க துன்னலம்மா. மலரு பாப்பாவுக்கு வாய் கேக்குதாமே, அய்யா சொன்னாரு. எலும்பில்லாத துண்டா பாத்து கோத்து வச்சிக்கீறேன். நாளைக்கி வந்தா குடுக்கலாம்னு."

அவள் நெற்றியைத் தொட்டேன். பிறகு இந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடு வரை புடவையில் படாமல் நீட்டிக்கொண்டே வந்தேன்.

இரண்டு நாளாக என் பானையை மூடினேன், என் விரலை எண்ணினேன், என் பெண்ணுக்குப் பயந்தேன். ஐந்து வீட்டுக்கும் அந்தக் கறி போனது தெரிந்தும் ஒரு வாசலில்கூட நின்று சொல்லவில்லை. கிருமியைவிட இவருடைய பெயருக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறேன்.

இப்போது நாலே கால். ஐந்து மணி பஸ்ஸுக்கு ஏழுமலையின் வண்டியில் கன்னியம்மாவை ஏற்றிக்கொண்டு போகிறேன். போகும்போதே மற்ற நாலு வாசலிலும் இறங்கி, தொடாதீர்கள், தப்பு எங்களுடையது என்று சொல்லப்போகிறேன். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, கால்நடை டாக்டரிடம் போய் நேற்றுச் சொன்னது பொய், ஆடு எங்களுடையது என்று இவர் பெயரைச் சொல்லிவிடுவேன். நாளை டாக்டரின் ஜீப்பும் சம்பந்தி வருகிற பஸ்ஸும் ஒரே நேரத்தில் வந்து நிற்கலாம். நிற்கட்டும்.

இவர் கூடத்தில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறார். இன்னும் எழுப்பவில்லை.