தோற்ற நாளில் எழுந்த வெற்றிப்புகை

ஒன்பது குன்றும் நிலைபெறுக, ஏரி நிறைக, நெற்களம் நிறைக, நம்மவர் அடிக்கும் பந்து எல்லை கடக்க.

குமிழி நாட்டுக் கோவும், ஒன்பது குன்றுகளுக்கு உடையாரும், நாட்டு மட்டைப்பந்து அணியின் முதல் ஆர்வலரும், அண்மையில் தம் வலப்பக்க மீசையை இழந்தவருமாகிய கோச்சாத்தனார், எல்லைத்திடல் பாசறையிலிருந்து, தலைநகரில் தமக்காக ஆட்சி நடத்தும் அருமைத் தங்கையார் எழினி நங்கையார்க்கு விடுக்கும் திருமுகம். நும் மதிலுக்கு உறுதியும், நும் மாடத்துக்குத் தென்றலும், நும் சினத்துக்கு ஓர் எல்லையும் வாய்க்க என வாழ்த்துகிறார்.

முதற்கண் மீசை பற்றியது. திடலை ஒட்டிய முதற்குன்றில் காய்ந்த பனையோலையைக் குவித்து, எரியும் தீப்பந்தத்தைக் கோவே ஏந்தி, ஆட்டம் முடியும்வரை அதனருகில் நிற்க வேண்டும் என்பதும், வென்றால் மட்டும் குவியலை மூட்ட வேண்டும் என்பதும் நம் முன்னோர் வகுத்த முறை. கருமலை நாட்டார் முதலில் ஆடி இருநூற்றுக்கு மேல் ஓட்டம் குவித்திருந்தனர். நம் தொடக்க ஆட்டக்காரர் இருவரும் ஆட்டமிழக்காமல் நிற்க, அணியின் ஓட்டம் ஐம்பதைக் கடந்த வேளையில், இளையவன் பொன்னந்தை அடித்த பந்து எல்லைக் கயிற்றைத் தாண்டிப் பறந்து, கருமலை அமைச்சரின் மோர்ப்பானைக்குள் விழுந்தது. கோச்சாத்தனார் களிப்பு மிகுந்து இரு கைகளையும் வானுக்கு உயர்த்தினார். அவற்றுள் ஒன்றில் தீப்பந்தம் இருந்தது என்பதை, குவியல் பற்றிக்கொண்டு மீசை பொசுங்கிய பின்னரே உணர்ந்தார். தீயை அடித்து அணைக்க மேலாடையை வீசினார், மேலாடையும் போயிற்று.

புகையைக் கண்ட இரண்டாம் குன்றத்தார் தம் குவியலை மூட்டினர். அவர்களைக் கண்டு அடுத்த குன்றத்தார் மூட்டினர். ஒன்பதாம் குன்றின் புகை நும் சாளரத்தை எட்டி, தலைநகரில் வெற்றி மணி ஒலித்தபோது, இங்கே திடலில் நம் அணி இன்னும் மட்டை பிடித்துக்கொண்டிருந்தது. வெற்றியைச் சொல்லப் புகையை வகுத்த முன்னோர், தோல்வியைச் சொல்ல எதையும் வகுக்கவில்லை. அவர்களது தன்னம்பிக்கை அத்தகையது.

அதன்பின் நடந்ததை விரித்தெழுத எழுத்தாணிக்கே மனமில்லை. நம்மவருள் ஒருவன் ஓடுவதா நிற்பதா என்று எண்ணி, இரண்டையும் பாதிப்பாதி செய்து வீழ்ந்தான். இன்னொருவன் தன் மட்டையாலேயே தன் முக்கோலைச் சாய்த்துவிட்டு, கருமலையார் ஆர்ப்பரிப்பது எதற்கென்று திரும்பிப் பார்த்தான். எண்பத்தொன்றில் எல்லாரும் ஆட்டமிழந்தனர். அன்று மாலை கோச்சாத்தனார் துயரம் தாளாது உண்ணா நோன்பு பூண்டார். நெய்யப்பம் வந்தபோது அதைச் சற்றே தளர்த்தினார்.

நீவிர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. தோரணம் கட்டி, யானைக்கு முகபடாம் சாத்தி, ஊருக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் வழங்கி முடித்த பின்னரே உண்மை எட்டியது என்றும், வெற்றி என்றே சாதித்து ஊர்வலம் நடத்துவது அல்லது அணியை அடியோடு கலைத்துவிடுவது, இவ்விரண்டில் ஒன்றைச் செய்க என அவையோர் நெருக்குகின்றனர் என்றும் எழுதியிருந்தீர். கலைப்பதே நும் கருத்தும் என்று கண்ட கோச்சாத்தனார் ஓலையைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார். அப்போதும் அதுவே இருந்தது.

நீவிர் கலைக்கும் முன்னரே அணி தானே கலைந்துவிடும் போலிருக்கிறது. ஆட்டக்காரர் அனைவரும், வெற்றித் தோரணத்தின்கீழ் எந்த முகத்தோடு நுழைவது என்று ஆற்றங்கரையிலேயே அமர்ந்துவிட்டனர். அணித்தலைவன் மருதங்கூத்தன் தன் மட்டையைப் பாசறை வாயிலில் சாத்திவிட்டு, தன் பழைய தொழிலாகிய படகோட்டத்துக்கே திரும்புவதாகச் சொல்லிப் போனான். அவன் இல்லையேல் இவ்வணியும் இல்லை.

தோற்றது ஏன் என்று கோச்சாத்தனார் பலரையும் வினவினார். கணியர் கோள்நிலை என்றார். மருத்துவர் பித்தம் என்றார். பயிற்சி ஆசான் மேல்காற்று என்றார். அமைச்சரோ, தோற்றுத் திரும்பும்போதும் நம்மவர் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது என்றார். அரசராயிருப்பதில் உள்ள குறை இதுதான்: கேட்டதற்கு விடை ஒன்றைத் தவிர மற்றெல்லாம் கிடைக்கும்.

ஆயினும் கோச்சாத்தனார் உறுதி பூண்டது இது. அணி கலையாது. வென்றதாகப் பொய்யும் சொல்லப்படாது. கட்டிய தோரணத்தை அவிழ்க்க வேண்டா. வாழை வாடியிருந்தால் புது வாழை நடுக. நம் அணி தோற்ற அணியாகவே அதன்கீழ் நுழையும். முரசறைவோன் எண்பத்தொன்று என்பதை மென்று விழுங்காமல் நான்கு தெருவும் கேட்க அறைக. பாதி மீசையோடு கோ முன்னே நடப்பார். நகைக்க விரும்புவோர் அவரைப் பார்த்து நகைத்து முடிக்கட்டும், பின்னால் வரும் பிள்ளைகள் தலை நிமிர்ந்து வரட்டும். வெற்றிப்பா பாடிய புலவரிடம் பரிசிலைத் திரும்பக் கேட்க வேண்டா. பாட்டு அடுத்த ஆண்டுக்கு ஆகும். ஊர் சேர்ந்த மறுநாள் விடியலில், யானைக் கொட்டிலின் பின்புறத்தில் பயிற்சி தொடங்கும். யானைகள் பொறுத்தருள்க.

இவ்வளவும் வரைந்து, இலச்சினை மட்டும் இடாமல் வைத்துவிட்டு, கோச்சாத்தனார் சாத்தியிருந்த மட்டையை எடுத்துக்கொண்டு தாமே ஆற்றங்கரைக்கு நடந்தார். மருதங்கூத்தன் படகிலிருந்து நீரை இறைத்துக்கொண்டிருந்தான். ஏன் தோற்றோம், இனி ஆடுவாயா மாட்டாயா என்று கோ வினவினார். அவன் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது, சொன்னபடியே கீழே வரையப்படுகிறது:

"காற்றுமில்லை, கோளுமில்லை, கோவே. உங்கள் புகையைப் பார்த்துவிட்டோம். வென்றாயிற்று என்று நாடே நம்பிவிட்டதே, இனித் தோற்றால் எப்படி ஊருக்குள் போவது என்ற நினைப்பில் எவரும் பந்தைப் பார்க்கவில்லை. உள்ளதைச் சொல்லித்தான் ஊருக்குள் போகிறோம் என்றால் நான் வருகிறேன், அடுத்த வேனிலிலும் ஆடுகிறேன். தீப்பந்தத்தை மட்டும் தங்கையார் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் எளிதில் மகிழ்பவர் அல்லர்."

கோச்சாத்தனார் மட்டையை நீட்டினார், அவன் பெற்றுக்கொண்டான்.

ஆகவே முன்னோர் முறை இன்றோடு மாற்றப்படுகிறது. அடுத்த வேனிலில் முதற்குன்றின்மேல் தீப்பந்தம் ஏந்த வேண்டியவர் நீவிர், நங்கையாரே. இது ஆணை. கோவின் இலச்சினை இடப்பட்டது.