பிளேடில் விரிசலில்லை

பிடிவாதத்தில் எனக்குச் சளைக்காத கணவனுக்கு,

அடையாறு லேபில் இன்று எல்லோருக்கும் கேசரி! கடல் நீரோட்டத்தில் சுழன்று மின்சாரம் எடுக்கும் எங்கள் டர்பைன் பிளேடு, தொட்டியில் இத்தனை நாள் அலைக்கழித்தும் விரிசல் விடவில்லை.

முன்பெல்லாம் ஒவ்வொன்றும் விரிசல் விட, நான் அடுத்ததை இன்னும் விறைப்பாகச் செய்வேன். அதுவும் அடிப்பகுதியில் விரிசல் விடும். இந்த முறை, நீரோட்டம் வேகமெடுத்தால் நுனி தானாகவே கொஞ்சம் வளைந்துகொடுக்கும்படி செய்தோம்.

"தொட்டி மோட்டார்தான் டயர்டாயிடுச்சு, பிளேடு ஜம்முனு கீதுடி" என்கிறாள் கூட வேலை செய்யும் கீர்த்தி.

நான் வரமாட்டேன் என்று அடம்பிடித்ததால் நீ மட்டும் குடிபோன வேளச்சேரி வீட்டுக்குச் சனிக்கிழமை பெட்டியோடு வருகிறேன். மழையில் தெரு வெள்ளமானால் வாசலிலேயே ஒரு டர்பைன் நட்டுக் கரண்ட் எடுப்போம்.

கட்டிலில் ஜன்னல் பக்கம் எனக்குத்தான். அதில் துளிகூட வளைய மாட்டேன்.

உன்
விறைப்புக்காரி