நைரோபியில் ஒரு தலைப்பிரசவக் கவலை

என் ரோஸிக்கு,

நீ போய் இரண்டு வருஷத்தில் உன் கண்டக்டர் புருஷன் ஆப்பிரிக்காவரைக்கும் வந்துவிட்டான், தெரியுமா? நைரோபியில் உலகப் போக்குவரத்துத் தொழிலாளர் மாநாடு. சங்கத்தில் பத்தாவது பெயிலான என்னைத்தான் அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'ஹோல்டான்', 'ரைட்' இரண்டும்தான் என்பதை யாரும் விசாரிக்கவில்லை.

வர மனமே இல்லை. நம் ஸ்டெல்லாவுக்கு இது ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? மந்தைவெளிக்கு வந்துவிட்டாள். வீடு இருக்கிறது, தாய்தான் இல்லை. நான் தயங்கியதைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீ இருந்து இன்னா பண்ணப் போற நைனா? பிரசவமா பாக்கப் போற? சித்தி கீது, பாத்துக்கும். போன் மட்டும் பண்ணாத. கீழ்வீட்டு மாமிக்கு முட்டிவலி. என்னைக் கூப்புட மாடி ஏறணும், பாவம்."

மூன்று நாள் சொன்னபடி இருந்தேன். காதில் மொழிபெயர்ப்புக் கருவி, மனசு மந்தைவெளியில். நான்காம் நாள் தாங்கவில்லை. வெளியே போக அனுமதி கேட்டுக் கையைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து ஓட்டெடுப்பு. என் கையையும் எண்ணிக்கொண்டார்கள். எதை ஆதரித்தேன் என்று இன்றுவரை தெரியாது.

கீழ்வீட்டு போனுக்கு அடித்தேன். மாமிதான் எடுத்தார்.

"ஆப்பிரிக்காலேர்ந்தா? ஸ்டெல்லாவுக்கு வலி எடுத்துடுத்து. அவ சித்தி இப்பத்தான் ஆட்டோவுல அழைச்சிண்டு போனா..."

லைன் அறுந்தது.

மறுபடி கிடைக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. மண்டப வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். கூட்ட நேரத்து பஸ்ஸில்கூட அவ்வளவு நடந்ததில்லை. வலி எடுத்தால் முதலில் என்ன செய்ய வேண்டும், ரோஸி? இடுப்பைப் பிடித்துவிடுவதா, வெந்நீர் வைப்பதா? எதையும் சொல்லாமலே போய்விட்டாயே. ஸ்டெல்லா பிறந்த அன்று நான் டியூட்டியில் இருந்தேன். நீ என்னைத் தேடினாயா?

அப்புறம் அவளே போனில் வந்தாள்.

"பொய் வலியாம் நைனா. டாக்டரம்மா திட்டி அனுப்பிட்டாங்க. நீ அழுவாத, வெள்ளைக்காரன்லாம் பாப்பான்."

பிறகு மெதுவாக, "சீக்கிரம் வந்துடு" என்றாள்.

நாளை மறுநாள் விமானம். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். லீவு தந்தாலும் தராவிட்டாலும் பிரசவ அறை வாசலை விட்டு நகர மாட்டேன். என்னை உள்ளே விட மாட்டார்கள், தெரியும். ஆனால் அவள் வலி தாங்காமல் "அம்மா" என்று கத்தினால், கதவுக்கு வெளியிலிருந்து "இன்னாம்மா" என்று நான் பதில் கொடுப்பேன்.

உன் வீட்டுக்காரன்,
உன் பேரப்பிள்ளைக்குத் தாத்தா ஆகப்போகிற
அந்தோணி