ராசியும் மனேஜரும்

இஞ்சருங்கோ,

ஹொக்கி சீசன் முடிந்துவிட்டது. மொன்றியல் அணி இம்முறை பிளேஓஃப் சுற்றுக்குப் போகவில்லை. டொரோண்டோவில் உங்கள் தம்பி வீட்டில் இருந்து நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பஸ்ஸிலும் மூலைக்கடைத் தெப்பனோரிலும் எல்லாரும் மனேஜரைத்தான் திட்டுகிறார்கள். நானும் திட்டுகிறேன். எதிராளி அடிக்கிற பக் வட்டின் குறுக்கே விழுந்து உடம்பால் மறிக்கிற அந்தத் தாடிக்காரனை, கோல் போடாதவன் என்று கோடையிலேயே விட்டுவிட்டார். பிறகு கோல் போடுகிறவர்களாகத் தேடித் தேடி எடுத்தார். ஐந்து போட்டு ஆறு வாங்கினால் அது என்ன விளையாட்டு? பின்னால் நின்று அடி வாங்கவும் ஒருவன் வேண்டும்.

இதெல்லாம் நான் பார்த்து எழுதவில்லை, கேட்டு எழுதுகிறேன். ஆட்டம் இறுகினால் நீங்கள் சொல்வீர்களே, "நீர் பார்த்தா தோப்பாங்கள், உம்மடை ராசி அப்பிடி. குசினிக்குப் போம்" என்று. நீங்கள் போன பிறகும் டிவியைச் சத்தமாகப் போட்டுவிட்டுக் குசினியில்தான் நின்றேன். சீசன் முழுக்க ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. உங்கள் கதிரை வெறுமையாகவே கிடந்தது. அப்படியும் தோற்றார்கள்.

ஆகவே அது என் ராசி இல்லை.

மஞ்சள் பெயின்ற் அடித்த சின்ன அறையில் தொட்டில் இன்னும் பெட்டியோடு இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் வெறுங்கையோடு வந்த அன்று, உங்கள் அம்மாவும் என் ராசியைத்தான் சொன்னா. நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். குறுக்கே வரவில்லை.

இப்படிக்கு,
குசினியில் நின்றவள்