வில்லங்கம் இல்லை என்று எழுதிய கட்டுரை

13-6-65, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. முழுத்தாள் எல்லாம் நமுத்த அப்பளம் மாதிரி தொங்குகிறது. பேனாவை வைத்தால் மை ஊறுகிறது.

பதினொரு மணிக்கு அடுத்த வீட்டு ஜைனம்பு அக்காவின் ரேடியோ. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் முறை, நாலு ஞாயிறுக்கு நாலு பேச்சு. இன்று இரண்டாவது. பேராசிரியர் (இனி பேரா.) தொண்டையைச் செருமியது ஆறு தடவை. போன வாரம் ஒன்பது. சளி விட்டிருக்கிறது.

போன வருஷம் கல்வெட்டு பற்றிப் பேசியதிலிருந்து அவர் பேச்சு ஒன்றுகூட விடவில்லை. இதுவரை பதினான்கு கார்டு போட்டிருக்கிறேன். பதில் இரண்டு. இரண்டும் டிரங்குப் பெட்டியில்.

முடிவில் அறிவிப்பு. நேயர்கள் எட்டுப் பக்கத்துக்குள் ஒரு கட்டுரை எழுதி ஜூலை 12க்குள் அனுப்பலாம். மூன்று பேரை நிலையத்துக்கே கூப்பிட்டு அவரவர் குரலில் வாசிக்க வைப்பார்கள். படிப்பு என்ன என்று கேட்கவில்லை. ஜை. அக்காவையும் சாட்சி கேட்டேன், கேட்கவில்லைதான் என்றாள். பள்ளிக்கூடத்தை விட்டு ஆறு வருஷம் ஆனவளுக்கு இதைவிட என்ன வேண்டும். குறிப்பு பாதி கிறுக்கல்.

பேச்சு 1: ஒரே கேள்வி. அதற்கு உன் பதில் என்ன என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடு. கடைசிவரை ஒளித்து வைக்க இது துப்பறியும் கதை அல்ல.

பேச்சு 2: ஒரு பத்திக்கு ஒரு கருத்து. கருத்துக்குக் கீழே சான்று. எங்கே கிடைத்தது என்று சொல்லாத சான்று வதந்தி.

இரவுக்கு உப்புமா. கடுகு தீர்ந்துவிட்டது.

16-6, புதன்

தலைப்பு கிடைத்துவிட்டது. பத்திர நகல் எழுதும்போது.

அப்பா ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று நகல் நோட்டு என் பொறுப்பு. இன்று ஒரு வயலுக்கு நாலு எல்லை எழுதினேன்: கிழக்கே இன்னார் நஞ்சை, மேற்கே ஐந்தருவிக்குப் போகிற பழைய பாதை. எங்கேயோ ஏற்கெனவே எழுதிய ஞாபகம். பழைய நோட்டுகளைப் புரட்டினேன். மதியம் சாப்பிடவில்லை. பத்தொன்பது பத்திரத்தில் அந்தப் பாதை வருகிறது. எல்லாம் இலஞ்சிப் பக்கத்து வயல், கால்வாய்க் கரையை ஒட்டி.

கேள்வி: ஐந்தருவிக்குப் பழைய பாதை எது? பதில்: இலஞ்சிக் கால்வாய்க் கரை. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. யாருமே இதுவரை சொன்னதில்லை!

அப்பாவிடம் அனுமதி கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். “ஆள் பேரு ஒண்ணும் எழுதாத. எல்லைய மட்டும் எழுது. எல்லை ஊருக்குத் தெரிஞ்சதுதான” என்றார்.

20-6, ஞாயிறு

நாசம். பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. தெரு முழுக்க இல்லை. பேச்சு 3 முழுவதும் போச்சு. ரேடியோ முன்னால் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். செத்த வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருக்கிறாய் என்று ஜை. அக்கா கேலி. பிறகு டீ கொடுத்தாள்.

பன்னிரண்டுக்குக் கரண்ட் வந்தது. அப்போது ரேடியோவில் நாதசுரம்.

22-6, செவ்வாய்

சாரல் விட்டுவிட்டு. பேச்சு 3 இல்லாமலே ஒரு வழி கண்டுபிடித்தேன். பேரா. சொல்லுகிற கட்டுரையும் அப்பா எழுதுகிற பத்திரமும் ஏறக்குறைய ஒன்று.

பத்திரம்: இன்னார் இன்னாருக்கு இன்ன சொத்தை எழுதிக் கொடுப்பது. கட்டுரை: முதல் பத்தி.
பத்திரம்: சொத்து எனக்கு எப்படி வந்தது, மூலப்பத்திரம் எது. கட்டுரை: சான்று.
பத்திரம்: நாலு எல்லை. கட்டுரை: எதைப் பற்றிப் பேசுகிறேன், எதைப் பற்றிப் பேசவில்லை.
பத்திரம்: மேற்படி சொத்தில் வில்லங்கம் ஏதும் இல்லை, பின்னால் வந்தால் நானே பொறுப்பு. கட்டுரை: இதுதான் விட்டுப்போன மூன்றாவது பேச்சாக இருக்கவேண்டும். என் பதிலில் ஒரு குறையும் இல்லை என்று அடித்துச் சொல்வது.
கடைசியில் சாட்சிக் கையெழுத்து.

எவ்வளவு பொருத்தம். எழுந்து கூடத்தில் இரண்டு சுற்று நடந்தேன். என்ன வயிற்று வலியா என்று மைனி (அண்ணன் மனைவி) அடுக்களையிலிருந்து கேட்டாள்.

27-6, ஞாயிறு

பேச்சு 4. கரண்ட் இருந்தது. செருமல் மூன்றே மூன்று.

முடிவுரையில் புதிய சங்கதி எதையும் கொண்டுவராதே. எதுவரை தெரியும், எதற்கு மேல் தெரியாது என்று சொல்லி நிறுத்து. நடுவில் ஒரு வாக்கியம், “மறுப்பவருக்கு இடம் கொடுப்பது பற்றிப் போன வாரம் பார்த்தோம்.” அவ்வளவுதான், தாண்டிப் போய்விட்டார். யார் மறுப்பவர்? என் கட்டுரையை யாரும் மறுக்கவில்லை. எழுதியே முடியவில்லை.

1-7, வியாழன்

அப்பா மூன்று பத்திரத்தோடு வந்தார். செங்கோட்டைப் பக்கத்து வயல், திருவிதாங்கூர் காலத்தது, மூன்றும் மலையாளம். அந்தத் தாலுகா நம்மோடு சேர்ந்த பிறகு இந்த மாதிரி நிறைய வருகிறது. அப்பாவுக்கு மலையாளம் வாசிக்க வராது. மைனிக்குப் பிறந்த வீடு செங்கோட்டை, படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். அவள் வாசித்துச் சொல்ல, நான் தமிழில் எழுத, அப்பா வைத்துக்கொள்வார். சனிக்கிழமை பத்திரத்துக்கு உடையவர் வந்து வாங்கிக்கொள்வார்.

மைனி முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டே வாசித்தாள். முதல் பத்திரத்தில் வடக்கு எல்லை: ஐந்தருவிக்குப் போகிற பழைய வழி. எழுதின கை நின்றுவிட்டது. இரண்டாவதிலும் அதே. மூன்றாவதிலும். இலஞ்சி எங்கே, இந்த வயல் எங்கே. வேறு திசை, வேறு பாதை. மூன்றும் என் பத்தொன்பதைவிட வயதில் மூத்தவை.

அப்பாவின் குறிப்பில் எழுதினேன். என் நோட்டில் எழுதவில்லை.

கல்லு இருக்கிறது என்று மைனி அரிசியை இன்னொரு தடவை புடைத்தாள்.

4-7, ஞாயிறு

கட்டுரை முடிந்தது. சரியாக எட்டுப் பக்கம். தாளை அடுப்பங்கரையில் வாட்டி வாட்டி எழுதினேன். ஒரு அடித்தல் இல்லை. முதல் பக்கம் முழுக்கச் சாரல் வர்ணனை. அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

மதியம் ஜை. அக்காவுக்கும் மைனிக்கும் வாசித்துக் காட்டினேன். ரேடியோவில் வாசிக்கிற மாதிரியே, நடுவில் ஒரு செருமல்கூட. ஜை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள், ஆனாலும்.

ஏழாம் பக்கம்: மேற்படி முடிவில் வில்லங்கம் ஏதும் இல்லை என உறுதி கூறுகிறேன்.

மைனி உரிப்பதை நிறுத்தினாள்.

“அப்போ நான் வியாழக்கிழம வாசிச்சது என்னட்டி?”

“அது செங்கோட்டைப் பக்கம் மைனி.”

“ஐந்தருவி ஒண்ணுதான. பத்தொம்பது பேரு சொன்னத எழுதிட்டு மூணு பேரு சொன்னத ஒளிச்சு வச்சிருக்க. அதுக்கு மேல வில்லங்கம் இல்லன்னு வேற எழுதுத. மாமா இப்படி ஒரு பத்திரம் எழுதுனா உள்ள போட்ருவாங்க.”

இது கட்டுரை, பத்திரம் இல்லை என்றேன். அப்படியானால் பத்திரத்தைப் பார்த்து ஏன் எழுதினாய் என்றாள். ஜை. அக்கா வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டு எழுந்துபோய்விட்டாள்.

மைனிமேல் கோபம். ராத்திரி அவள் போட்ட தோசையை ஒன்றோடு நிறுத்தினேன். அவள் கவனிக்கவில்லை.

5-7, திங்கள்

ஜை. அக்கா வீட்டார் ஐந்தருவிக்கு. ஜட்காவில் எனக்கும் இடம். மூன்று பத்திரமும் பொய் என்று நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

கூட்டம். எண்ணெய் நாற்றம். பெண்கள் பக்கம் நிற்க இடமில்லை. நான் குடையோடு மேலும் கீழும் நடந்தேன். “ஏட்டி பகவதி, குளிக்க வந்தியா, சர்வே எடுக்க வந்தியா?” என்று ஜை. அக்கா தண்ணீருக்குள் இருந்து கத்தினாள்.

இலஞ்சிப் பக்கம் கால்வாய்க் கரையில் தடம் இருக்கிறது. சந்தோஷம். செங்கோட்டைப் பக்கம் புதருக்குள் கல் படி இருக்கிறது. ஆறு படி. நடுவில் குழிந்து தேய்ந்து. எத்தனை கால் பட்டால் கல் அப்படித் தேயும்.

பலாச்சுளை விற்கிற அம்மாவிடம் எது பழைய பாதை என்று கேட்டேன். செங்கோட்டைக்காரர்கள் இந்தால வருவார்கள், இலஞ்சிக்காரர்கள் அந்தால வருவார்கள், அவரவருக்கு அவரவர் வருகிறதுதான் பாதை என்றாள். சுளை வாங்குகிறாயா இல்லையா என்றும் கேட்டாள்.

கடைசியில் குளித்தேன். தலையில் அருவி விழும்போது யோசிக்க முடியாது. அது வரைக்கும் நல்லது.

7-7, புதன்

மூன்று பத்திரத்தையும் எழுதினால் என் பதில் உடைகிறது. எழுதாவிட்டால் கட்டுரை அழகாக இருக்கிறது, ரேடியோவில் என் குரல். படியைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இரண்டையும் நோட்டில் எதிரெதிரே எழுதிப் பார்த்தேன். பத்து மணி முதல் சமையல் வரை.

பேரா. சொன்னதாக நான் நினைத்த மூன்றாவது பேச்சு தப்பு. வில்லங்கம் இல்லை என்று சொல்வதற்கு அல்ல அந்த இடம். இருக்கிற வில்லங்கத்தை நானே எடுத்து வைப்பதற்கு. இது பத்திரத்தில் நடக்காது. வில்லங்கத்தைத் தானே எழுதிக் கொடுத்தால் யார் வாங்குவார்கள்?

எட்டுப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு பக்கம் வேண்டும். எதை எடுப்பது என்று பார்த்தால் சாரல் வர்ணனைதான் ஒன்றையும் நிரூபிக்கவில்லை. எடுத்துவிட்டேன். அந்தத் தாளைக் கிழிக்கவில்லை, டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.

8-7, வியாழன்

திரும்ப எழுதியது. முதல் பத்தி: இலஞ்சிப் பக்கத்து ஊரார்க்குப் பழைய பாதை கால்வாய்க் கரை. ஆறாம் பக்கம்: இதை மறுக்கும் மூன்று மலையாளப் பத்திரங்களை நான் படித்திருக்கிறேன். அவை சொல்வது இது. எட்டாம் பக்கம்: பத்திரத்தில் மூன்றும் மூத்தவை, பாதையில் எது முந்தியது என்று தெரியவில்லை. ஒரே பாதை என்று தேடியதே என் பிழையாக இருக்கலாம்.

முன்னதைவிடச் சின்னதாகத் தெரிகிறது. ஆனால் எங்கே தட்டினாலும் ஆடவில்லை.

மைனியிடம் காட்டவில்லை. கோபம் போய்விட்டது, காட்டத்தான் ஒரு மாதிரியாக இருந்தது. நாளை தபால்.

27-7, செவ்வாய்

வெயில். பதினெட்டு நாளாக எழுதவில்லை, தபால்காரர் சைக்கிள் மணி தவிர எதுவும் காதில் ஏறவில்லை.

இன்று கவர் வந்தது. பேரா.வின் சொந்தக் கையெழுத்து. அழகு இல்லை. நான் நினைத்த கையெழுத்தே இல்லை.

கட்டுரையை மூன்றில் ஒன்றாக எடுக்க எண்ணுகிறாராம். ஆறாம் பக்கம்தான் தமக்குப் பிடித்ததாம். பிறகு: “மலையாளப் பத்திரங்களைப் படித்ததாக எழுதியுள்ளீர்கள். தங்களுக்கு மலையாளம் தெரியுமா? பிறர் படித்துச் சொன்னதாயின் அவர் யார்? தெளிவுபடுத்தினால் மேற்கொண்டு முடிவு செய்யலாம்.”

மூன்று தடவை படித்தேன். படித்திருக்கிறேன் என்று எழுதியது நான்தான். எழுதும்போது பொய் என்றே தோன்றவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இதைச் சொன்னால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

மைனி ஆட்டுரலில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். “தெரியும்னு எழுதிப் போடு. ரெண்டு நாள்ல உனக்கு எழுத்து சொல்லித் தாரேன். அவரு என்ன, பரீட்சையா வைக்கப் போறாரு?” விளையாட்டுக்குச் சொன்னமாதிரி இல்லை.

செய்திருக்கலாம். பிறகு கார்டை எடுத்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதினேன். எனக்கு மலையாளம் தெரியாது. படித்துச் சொன்னவர் என் அண்ணன் மனைவி. நான் படித்ததாக எழுதியது தவறு.

மைனி எட்டிப் பார்த்தாள். ஆட்டுகிற கை நிற்கவில்லை.

“அண்ணன் மனைவின்னா? எந்த அண்ணன்னு கேட்டு இன்னொரு காயிதம் போடுவாரு. பேர எழுது.”

நாராயணி என்று எழுதினேன். அண்ணனின் இனிஷியலை முன்னால் போட்டேன்.

“அத அடி. எங்க அப்பா இனிஷியலு சு. அதப் போடு. உங்க அண்ணனுக்கு மலையாளத்துல ஒரு எழுத்து தெரியாது.”