கை நனைத்த வீடு

ஊர் நாய்களுக்கெல்லாம் பலகாரத்தின் பேர் வைத்த என் மெஹரக்காவுக்கு,

பிஸ்தா உயிரோடு இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ மீதியைப் படிக்க மாட்டாய். காலில் போட்டிருந்த கட்டைப் பிரித்தாயிற்று. கொஞ்சம் நொண்டுகிறாள், ஆனால் பூனையைக் கண்டால் நொண்டல் மறந்துபோகிறது. இதை எழுதும்போதும் என் கட்டிலுக்கு அடியில்தான் படுத்திருக்கிறாள்.

ஆர்.எஸ்.புரத்தில் உன் தையல் கடை இப்போது பாத்திரக் கடை. வாசலில் நீ வைத்த தண்ணீர்த் தொட்டியை மட்டும் எடுக்க விடவில்லை. தினமும் நான்தான் போய் நிரப்புகிறேன். தெரு நாய்கள் குடித்துவிட்டு, கடைக் கதவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கின்றன. அவற்றிடம் என்ன சொல்வது அக்கா?

என் வீட்டு ஓனர் வந்து பேசிவிட்டுப் போனார். வாடகை வீட்டில் நாய் கூடாதாம். நம் ஊர்க்காரர்கள் ஆளை வெளியே தள்ளினாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள் என்று சிரிப்பாயே, அதே பாணிதான். "உங்களுக்குச் செரமமில்லீன்னா இந்த மாசத்துக்குள்ள அதுக்கொரு எடம் பார்த்துப்போடுங்கம்மணி" என்றார். எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. பதிலைக் கேட்க அவர் நிற்கவில்லை.

ஆனாலும் நான் பயப்படவில்லை. இடத்தை நீயே சொல்லிவிட்டுப் போயிருந்தாயே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிஸ்தாவையும் ஜிலேபி இருக்கற தோட்டத்துலயே உட்டுரு கண்ணு. அங்க ராணியாட்ட இருப்பா" என்றாய். பொள்ளாச்சி தாண்டி மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அந்தத் தோட்டக்காரர், உன் கடைக்கே வந்து ஜிலேபியை வாங்கிப் போனவர். நீ அப்போதே முடியாமல் கிடந்தாய். நேரில் போய்ப் பார்க்காமல் நீ கொடுத்த நாய் ஜிலேபி ஒருத்திதான். அவரோ உன் போனுக்கு அவளுடைய படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். நர்ஸ் முதற்கொண்டு எல்லோருக்கும் காட்டிப் பூரித்துப்போனாய்.

போன ஞாயிற்றுக்கிழமை பிஸ்தாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். கல்யாண ரவிக்கை தைத்து மிஞ்சும் துணியில் ஒவ்வொரு நாய்க்கும் கழுத்துப்பட்டை தைப்பாயே, அதில் பிஸ்தாவுக்குத் தைத்த சிவப்புப் பட்டையைத்தான் போட்டுவிட்டேன். ஜிலேபிக்கு நீ தைத்தது பச்சை வெல்வெட், ஓரத்தில் சரிகை. இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து, உன் மகளுக்கு அனுப்ப நினைத்திருந்தேன்.

நாய்க்கு வீடு பார்ப்பதில் உனக்கு ஒரு கறாரான சட்டம் உண்டு. அதைக்கூட எங்கள் சனத்திடமிருந்துதான் எடுத்துக்கொண்டாய். பெண் பார்க்கப் போகிற வீட்டில் எங்கள் பெரியவர்கள் கை நனைக்க மாட்டார்கள். சாப்பாட்டில் கை வைத்துவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று பொருள், அப்புறம் பின்வாங்குவது மரியாதை இல்லை. நாய்க்கும் அதுதான் முறை, அது படுக்கப்போகிற இடத்தைப் பார்க்காமல் அந்த வீட்டில் சாப்பிடாதே என்பாய்.

நான் சாப்பிட்டேன் அக்கா. ஜிலேபியின் வீடுதானே என்று நினைத்துவிட்டேன்.

அவர்கள் நல்ல மனிதர்கள். எனக்கு அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. தோட்டக்காரரின் மனைவி உன் கடைசி நாட்களைப் பற்றி விசாரித்துக் கண் கலங்கினார். ஜிலேபி எங்கே என்றேன். தோப்புக்குள் எங்காவது திரியும் என்றார் தோட்டக்காரர், என் முகத்தைப் பார்க்காமல். பிஸ்தா காரை விட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். சீட்டுக்கு அடியில் ஒண்டிக்கொண்டு, மலைப்பக்கம் மூக்கைத் தூக்கித் தூக்கி மோந்தாள். தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. புது இடம், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு இலையில் உட்கார்ந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் நாய் கட்டும் இடத்தைக் காட்ட என்னையும் பிஸ்தாவையும் தோட்டக்காரர் கூட்டிப்போனார். நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம். வீடு மறைந்தது, மாடுகள் நிற்கும் கட்டுத்தரை மறைந்தது. தோப்பு முடிகிற இடத்தில் வேலி, அதற்கு அப்பால் புதர், அப்புறம் மலை. வேலி ஓரத்தில் ஒரு கல்கம்பம், அதில் ஒரு குட்டைச் சங்கிலி. மேலே நிழலுக்கு ஓர் ஓலைகூட இல்லை. கம்பத்தைச் சுற்றி மண் வட்டமாகத் தேய்ந்து கிடந்தது. காவலுக்கு வளர்க்கும் நாயை வீட்டை விட்டு இவ்வளவு தூரத்தில் யாராவது கட்டுவார்களா?

பக்கத்தில் மோட்டார் ரூம். அதன் சுவரில் ஓர் ஆணி, ஆணி நிறையக் கழுத்துப்பட்டைகள். தோல் பட்டை, நைலான் பட்டை, வெறும் கயிறு. எல்லாவற்றுக்கும் அடியில் பச்சை வெல்வெட். சரிகை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

நான் அதைத் தொட்டுப் பார்ப்பதைப் பார்த்துத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"சிறுத்தை வருதுங்க. கன்னுக்குட்டியப் புடிச்சுட்டுப் போயிருச்சுங்க. கூண்டு வெச்சும் சிக்கலீங்க. இங்க ஒரு நாயக் கட்டியிருந்தா, இதோட திரும்பிப் போயிருமுங்க, கட்டுத்தரைக்கு வராதுங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு கட்டிக்கறமுங்க."

குரலில் கோபமோ வெட்கமோ இல்லை. ஜிலேபி வந்த வாரமே போய்விட்டாளாம். வந்த அன்றைக்கு எடுத்த படங்களைத்தான் ஒவ்வொன்றாக உனக்கு அனுப்பிக்கொண்டு இருந்தாராம். ஏன் என்று கேட்டேன்.

"படுத்த படுக்கையா இருக்கறவங்ககிட்ட அத எப்படீங்க சொல்றது?"

பேசிக்கொண்டே அவர் பிஸ்தாவைச் சங்கிலியில் மாட்டிவிட்டிருந்தார். அதை நான் கவனிக்கவே இல்லை. கவனித்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மாதான் நின்றேன், அக்கா. வயிற்றில் அவர்கள் வீட்டுச் சோறு இருந்தது. வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பிஸ்தா குரைக்கவில்லை. வேலிப் பக்கம் முதுகைக் காட்டாமல், மலையைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து வந்து என் காலில் ஒட்டிக்கொண்டாள். அவள் உடம்பு முழுக்க நடுங்கியது என் காலில் தெரிந்தது.

குனிந்து கழற்றினேன். ஆணியிலிருந்து ஜிலேபியின் பட்டையையும் எடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. காருக்குத் திரும்பியபோது அந்த அம்மா மட்டும், "கை நனைச்சுப்போட்டு வேண்டாங்கறீங்களே கண்ணு" என்றார். மனம் வருந்தித்தான் கேட்டார். அப்போதும் கார் டிக்கியில் இளநீர்க் காய்களை வைத்து அனுப்பினார். அவை இன்னும் அங்கேயே கிடக்கின்றன, தொட மனம் வரவில்லை.

இதை உனக்குச் சொல்லியிருக்கக் கூடாதோ? அவர் மறைத்த மாதிரி நானும் மறைத்திருந்தால், ஜிலேபி ராணியாக இருக்கிறாள் என்றே நீ நிம்மதியாக இருந்திருப்பாய். ஆனால் நாய்களுக்கு வீடு தேடும் நம் வாட்ஸப் குழுவில் இன்று காலை ஒரு படம் வந்தது. 'குட்டிக்கு நிரந்தர வீடு கிடைத்துவிட்டது' என்று போட்டிருந்தார்கள். எல்லோரும் கைகூப்பி வாழ்த்தியிருந்தார்கள். வெள்ளைக் குட்டி, காது இன்னும் நிமிரவில்லை. அதன் பின்னால் கல்கம்பம், வட்டமாகத் தேய்ந்த மண்.

கொடுத்தது அவிநாசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. உடனே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "ரொம்ப நல்ல மனுசருங்கக்கா. கை நனைக்காம உடவே மாட்டீனுட்டாங்க" என்றாள்.

தோட்டக்காரருக்கும் போன் செய்தேன். நாய்க்காகத்தான் வருகிறேன் என்றதும், "வாங்க வாங்க, சாப்பாட்டுக்கே வந்துருங்க" என்றார்.

ஆகவே கிளம்புகிறேன். இருட்டுவதற்குள் அந்த வேலி ஓரம் போய்ச் சேர வேண்டும். குட்டியைக் கூட்டிவந்தால் இந்த வீட்டு ஓனர் மாசக் கடைசிவரைகூடப் பொறுக்க மாட்டார். பொறுக்க வேண்டாம். இனி நான் பிஸ்தாவுக்கு வீடு தேடப்போவதில்லை. எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் தேடுகிறேன். கட்டுத்தரையைச் சுற்றிக் கம்பி வலை அடிக்க ஆள் கூட்டிவருகிறேன் என்றும் அவரிடம் சொல்லப்போகிறேன். எத்தனை தடவை துரத்தினாலும் திரும்பப் போவேன்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. அந்தக் கல்கம்பத்தைப் பிடுங்கிப் போடுகிறவரை, அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட என் வாயில் படாது.

நாய்கள் சேர்த்து வைத்த உன் தங்கச்சி,
சுதா