ஜமுக்காளத்தில் உட்கார்ந்த அத்தா

லெப்பைக்குடிக்காடு
9-3-1998

அன்பு மகன் அனஸுக்கு, அத்தா நஜீமுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மனைவி சாகிராவும் உன் மகள் ஆஃப்ராவும் சுகம். உன் சுகத்துக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறோம். அரபு நாட்டிலிருந்து விடுப்பில் ஊருக்கு வந்த உன் கூட்டாளி தவ்ஹீதிடம் நீ கொடுத்தனுப்பிய கேசட் கிடைத்தது.

இப்போது ஆஃப்ராவின் பால்வாடியில் மாதாமாதம் பெற்றோரை அழைத்து, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று வளர்மதி டீச்சர் சொல்லித்தருகிறார். உன் காலத்தில் இப்படி இல்லை. முதல் நாள் நீ என் விரலை விடாமல் அழுதபோது, "போங்க பாய், நீங்க நின்னா இன்னும் அழுவான்" என்று ஆயா என்னை விரட்டினார். ஆபீசுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு எதிரே பூவரச மரத்தடியில் நின்றேன். கஞ்சி கொதிக்கும் வாசனையும், உன் அழுகை ஓய்ந்து பாட்டாக மாறியதும் இன்றும் நினைவிருக்கிறது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

சென்ற வாரக் கூட்டத்துக்கு அப்பாக்களும் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். புறப்படும்போது ஆஃப்ரா டேப் ரெக்கார்டரை எடுத்துவரச் சொன்னாள். பாட்டுப் போடுவார்கள் போலும் என்று நானும் தூக்கிக்கொண்டு போனேன். அவள் அதை அப்பாக்களுக்கென்று விரித்திருந்த ஜமுக்காளத்தில் வைத்து, ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். "உங்கத்தா எங்கம்மா?" என்று டீச்சர் கேட்டதற்கு, "இதோ இருக்காங்கல்ல" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். "இவ அத்தா தேவலாம்டி, வேணாங்கறப்ப அமுக்கிடலாம். எங்க வூட்டு ஆளுக்குப் பொத்தானே இல்ல" என்றாள் இன்னொரு பிள்ளையின் அம்மா ஆண்டாயி. சாகிரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தானும் சிரித்தாள். "அவரும் பேசட்டும், போடுங்க பாய்" என்றார் டீச்சர்.

உன் கேசட்டைப் போட்டேன். மாடி கட்டக் கம்பி வந்ததா என்று கேட்டாய். என் மூட்டுவலியைக் கேட்டாய். கடைசியில், "ஆஃப்ரா, நல்லா படிக்கிறியாம்மா?" என்றாய்.

"படிக்கிறேன்த்தா. நீங்க எப்ப வருவீங்க?" என்று அவள் கேட்டாள்.

பிள்ளை கேட்டால் அப்போதே பதில் சொல்லிவிட வேண்டும் என்று சற்று முன்புதான் டீச்சர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். ஆஃப்ரா காத்திருந்தாள். டேப் வெறும் இரைச்சலோடு ஓடி நின்றது.

அங்கே இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போடப்போகிறாய் என்று தவ்ஹீத் சொன்னான். உன் நிலைமை தெரியாமல் எழுதுகிறேனோ என்று இந்தத் தாளை ஒருமுறை கிழித்தும் போட்டேன். ஜூன் வந்தால் அவள் பெரிய பள்ளிக்கூடம் போய்விடுவாள். அங்கே ஜமுக்காளம் விரிப்பார்களா, தெரியாது.

அல்லாஹ் உனக்கு எல்லா பரக்கத்தும் தரட்டும். ஆஃப்ரா புது கேசட் கேட்கிறாள். பேசி வை. ஆனால் இந்த முறை யார் கையிலும் கொடுத்தனுப்பாதே.

உன் அத்தா
நஜீமுதீன்